சிறகில் அச்சடித்த எண்

வில்ஃப் ஹெப்பிள் என்ற பெயரை மாவிஸ் முதன்முதலில் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டில். முந்தைய நாள் நடனத்துக்குப் போய்வந்த அக்கா எனிட், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "வில்ஃப் ஹெப்பிள்னு ஒருத்தர். சுரங்கத்துல வேலை. நல்லாத்தான் பேசறார். ஆனா மேலெல்லாம் புறா வாசம்." அம்மா முகத்தைச் சுளித்தாள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

வட இங்கிலாந்தின் ஆஷிங்டனில் அன்று குடிபோன வீட்டை வில்ஃப் மாற்றவேயில்லை. சுரங்கத்தை மூடினார்கள், மகள் தெற்கே போனாள், எனிட்டும் கண்ணை மூடிவிட்டாள். பின்கட்டுப் புறாக்கள் மட்டும் மிச்சம். பந்தயப் புறாக்கள். ஒவ்வொன்றின் சிறகிலும் ரப்பர் முத்திரையால் வீட்டு டெலிபோன் எண்ணை அச்சடித்திருப்பார். வழிதவறி இறங்கும் புறாவைப் பிடிப்பவர்கள் சிறகை விரித்து எண்ணைப் பார்த்துக் கூப்பிடுவார்கள்.

போன ஜூனில் பந்தயத்துக்காகப் பிரான்ஸிலிருந்து பறக்கவிட்டதில் சாம்பல் பெட்டை ஒன்று வரவில்லை. குஞ்சாக இருந்தபோது தாய் ஒதுக்கிவிட்ட அதற்கு, படுக்கையில் விழுவதற்கு முன் எனிட்தான் கையால் தீனி ஊட்டினாள். அவள் வளர்த்த கடைசிக் குஞ்சு அது. வில்ஃப் டெலிபோன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இன்டர்நெட்டும் டெலிபோனும் சேர்த்துத் தருகிற கம்பெனியை மாற்றும் வேலையும் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை டீ குடிக்க வந்த மாவிஸ் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமே இல்லை.

"வில்ஃப், இது செத்துக் கிடக்கே!"

"மூணு நாளாச்சு. மாறுறப்போ அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"புதுக் கம்பெனிக்காரங்க என்ன சொன்னாங்க?"

"பழைய எடத்துக்கு நாங்களே சொல்லிக்கறோம், நம்பரும் கூடவே வந்துடும், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்னாங்க."

"நீங்க ஒண்ணும் செய்யலையே?"

வில்ஃப் கோப்பைக்குள் பார்த்தார். "முப்பது வருஷம் அவங்ககிட்ட இருந்தேன், மாவிஸ். சொல்லாமக் கொள்ளாமப் போறது மரியாதையா? நானே கூப்பிட்டேன். நாப்பது நிமிஷம் பாட்டு போட்டாங்க, காத்திருந்தேன். நன்றி சொல்லி, முடிச்சுக்கறேன்னு சொல்லிட்டேன்."

"கடவுளே! நம்பர் கை மாறுறதுக்கு முன்னாடியே குழி தோண்டிப் புதைச்சுட்டீங்களே! வாடகை வீடா, சாவியைக் குடுத்துட்டு வர்றதுக்கு?"

வில்ஃப்புக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்போ அந்தப் பெட்டை... யாராவது கூப்பிட்டா?"

மாவிஸ் தன் மொபைலிலிருந்து புதுக் கம்பெனியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். பேசிய பெண் விவரத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "விட்ட நம்பரை உடனே வேற யாருக்கும் குடுத்துட மாட்டாங்க மேடம், கொஞ்ச நாள் சும்மா வெச்சிருப்பாங்க. நாங்க திருப்பிக் கேக்கறோம். ஆனா இந்தத் தடவை சார் யாருக்கும் போன் பண்ணி நன்றி சொல்ல வேண்டாம்."

"கேட்டீங்களா?" என்றாள் மாவிஸ்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

ஒன்பதாம் நாள் டெலிபோன் மணி அடித்தது. ஜன்னல் விற்கிற ஆள். வில்ஃப் அவன் பேசியதை முழுக்கக் கேட்டு, வேண்டாம் என்று சொல்லி, வாழ்த்தும் சொல்லி வைத்தார். "நம்பர் வந்துடுச்சு மாவிஸ்!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

மறுநாள் கடற்கரை ஊரான விட்பியிலிருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டார். "உங்க புறா ரெண்டு வாரமா என் கோழிகளோட தின்னுட்டுத் திரியுதுங்க. தினம் கூப்பிட்டேன், அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு சொல்லுது. சிறகை நான்தான் தப்பாப் படிச்சேனோன்னு கண்ணாடியைக்கூட மாத்திப் பாத்தேன்!"

மாவிஸ்தான் காரை ஓட்டினாள். போகும்போது மடியில் காலிக் கூடையை வைத்துக்கொண்டு பேசாமல் வந்த வில்ஃப், திரும்பும்போது வழிநெடுகக் கூடைக்குள் பேசிக்கொண்டே வந்தார்.

வில்ஃப் இப்போதும் ஆஷிங்டனில் அதே வீட்டில், அதே எண்ணோடு இருக்கிறார். சாம்பல் பெட்டை மூன்றாம் கூண்டில் அடைகாக்கிறது.