விமானத்தில் போன ஷூக்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். ஷூவைத் தொடுகிற வேலை இல்லை. அது கப்பலேறத் தேவையான காகிதங்களோடுதான் என் பிழைப்பு. ஜெர்மனிக்காரர் ஒருவர் எங்களிடம் கொஞ்சமும் வங்கதேசத்தில் ஒரு கம்பெனியிடம் நிறையவும் வாங்கிக்கொண்டிருந்தார். இனி ஒரே இடத்தில்தான் வாங்குவேன் என்று அவர் எழுதியதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு ஜோடி அனுப்ப அவங்களுக்கு இன்னா ஆவுது, நமக்கு இன்னா ஆவுதுன்னு பக்கத்துல பக்கத்துல போட்டுக் குடுப்பா. நாமதான் கம்மின்னு தெரியணும்."

நாங்கள் கம்மி இல்லை என்பது அவருக்கே தெரியும். அங்கே கூலி குறைவு. அவர்கள் ஷூவுக்கு ஐரோப்பாவில் இறக்குமதி வரியும் இல்லை, எங்களுக்கு உண்டு.

அந்தக் கம்பெனியில் என்னைப் போலவே காகிதம் பார்க்கும் ஒருவரை எனக்குத் தெரியும். சென்னையில் தோல் கண்காட்சிக்குப் போனபோது சாப்பாட்டு வரிசையில் பழக்கமானவர். நான் தெருவில் கற்ற உருதுவையும் அவர் சினிமா பார்த்துக் கற்ற இந்தியையும் கலந்துகட்டி போனில் பேசுவோம். ஒருவருக்கொருவர் 'பாய்'தான். கஸ்டம்ஸில் படும் பேஜார், முதலாளியிடம் வாங்கும் திட்டு எல்லாம் இரண்டு நாட்டிலும் ஒன்றாகவே இருந்தன.

அவரிடமே கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. "சும்மா, தெரிஞ்சுக்கத்தான் பாய்" என்றேன். லாரி வாடகை, ஏஜென்ட் கமிஷன், கப்பல் கட்டணம் என்று வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொன்னார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சொன்னார். துறைமுகத்தில் தாமதமாகி, கடைசி இரண்டு லோடும் விமானத்தில் போயிருக்கின்றன. முதலாளி கைக்காசைப் போட்டு அனுப்பினாராம்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தாங்க மாட்டார். உங்களோட வெச்சுக்கங்க பாய்."

வைத்துக்கொள்ளவில்லை. அந்த விமானச் செலவை ஜோடிக்கு இவ்வளவு என்று பிரித்து அவர்கள் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்தேன். அடுத்த முறை இவர்களால் தாங்க முடியாது என்று கீழே ஒரு குறிப்பும் எழுதினேன். அந்த ஒரு வரியால் நாங்கள் கம்மியாகிவிட்டோம்.

"இத எங்கய்யா புடிச்ச?" என்று மேனேஜர் முதுகில் தட்டினார். "விசாரிச்சேன் சார்" என்றேன். அப்போது பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

கணக்கு அப்படியே ஜெர்மனிக்குப் போனது. ஆர்டர் முழுவதும் எங்களுக்கு வந்தது. புதிதாக ஒரு தையல் லைன் போட்டார்கள். மாதனூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார இடமில்லை. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள், நான் இரண்டு தின்றேன். நம்ம ஊர்ப் பெண்களுக்கு வேலை கிடைத்ததே என்று மனதைத் தேற்றிப் பார்க்கிறேன். தேறவில்லை. அங்கேயும் பெண்கள்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸப் வந்தது. அவர்கள் லைனை மூடிவிட்டார்களாம். ஆர்டர் ஏன் போனது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நீயும் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். "உங்க பக்கத்துக் கணக்கைக் கொஞ்சம் அனுப்புங்க பாய். உண்மையைச் சொல்ல உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?"

கூசிப்போனேன். என்ன ஜென்மம் நான் என்று இருந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை. நான் தயாரித்த அதே கணக்கை எடுத்து, விமானச் செலவு வரியையும் கீழே இருந்த குறிப்பையும் அழித்துவிட்டு, மிச்சத்தை அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"இந்தக் கணக்குப்படி நாங்கதானே கம்மி, பாய்? அப்புறம் ஏன் எங்களை விட்டாங்க?"

எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். நான் எழுதிக்கொண்டிருப்பது அங்கே அவர் போனில் தெரியும். அவர் காத்திருப்பார்.