கேட்காது என்று எனக்குத் தெரியும்

என் மகளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது அவளுடைய எட்டாவது மாதத்திலேயே எனக்குத் தெரியும். மூன்று வயது முடியும்வரை அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய கணவரிடம்கூட!

நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். சுளியுங்கள். இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை.

திண்டிவனத்தில் எங்கள் வீடு பெரிய சாலையை ஒட்டியது. லாரிக்காரன் ஹாரனை அழுத்தினால் பாத்திரங்கள் அதிரும். தர்ஷினி அசையாமல் தூங்குவாள். "பாரு, எவ்ளோ சமத்தா தூங்கிக்கினு கீது!" என்று மாமியார் பூரித்துப்போவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் பித்தளைக் குடம் என் கை தவறி அவளுக்குப் பின்னால் விழுந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை வீரிட்டு அழுதது. என் மகளோ கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லி அழைத்தேன்... கத்தினேன்... அவள் திரும்பவே இல்லை.

ஏன் மறைத்தேன்? திருவெண்ணெய்நல்லூரில் என் தாய்மாமன் ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே காது கேளாதவர், பேசாதவர். என் கல்யாணத்தன்று அவரைக் கரும்புத் தோட்டத்துக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று. வாய் பேசாதவர் இருக்கும் வீட்டில் பெண் எடுக்க எங்கள் பக்கம் தயங்குவார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது மகளைப் பற்றிச் சொன்னால், "உன் பக்கத்து ரத்தம்" என்று எல்லாம் வெளியே வந்துவிடுமே!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தேன். மாமியார் பின்னால் நின்று கை தட்டுவார். மடியில் இருப்பவளின் முதுகை நான் விரலால் மெல்ல அழுத்துவேன். குழந்தை திரும்புவாள். "கேக்குது, கேக்குது" என்று அவர் சிரிப்பார். அழுத்தினால் திரும்ப வேண்டும் என்று பழக்கியவள் நான். என் மகள் என்னிடம் கற்ற முதல் பாடம் அதுதான்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். மற்ற தாய்மார்கள் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் ஓயாமல் பேசுவார்கள், குழந்தைக்குப் புரிகிறதோ இல்லையோ. கேட்காத பிள்ளையிடம் என்ன பேச்சு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஊமைபோல் எண்ணெய் தேய்த்தேன், ஊமைபோல் ஊட்டினேன். அவள் என் வாயையே பார்ப்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. "அவ அப்பங்கூட லேட்டாத்தான் பேசினான். நாக்குல வசம்பு தேய்ச்சுக்கினே வா, வந்துடும்" என்றார் மாமியார். தேய்த்தேன். நாக்கில் குற்றமில்லை என்று தெரிந்தே தேய்த்தேன்! கசப்பில் அவள் முகம் கோணும். என் கை மட்டும் நிற்கவில்லை.

அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த மருத்துவர்தான் கண்டுபிடித்து விழுப்புரத்துக்கு அனுப்பினார். அங்கே அவளைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். காது பரிசோதிக்கும் பெண் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்:

"கொஞ்சம் கேக்குதும்மா. மிஷின் வச்சா நல்லாவே கேக்கும். குழந்தைங்க பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாசக்கணக்கா கேட்டுக்கினேதான் இருக்கும். அப்படிக் கேட்டதுதான் அப்புறம் பேச்சா வரும். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்... எப்ப கவனிச்சீங்க?"

"இப்பதான் மேடம்."

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி?"

"யாருக்கும் இல்ல மேடம்."

கொஞ்சம் கேட்கிறதாம்! மடியில் வைத்துக் காதருகே பேசியிருந்தால், அந்தக் கொஞ்சத்தில் ஏதோ ஒன்று விழுந்திருக்குமே... அவளுக்குக் கிடைக்கவேண்டியிருந்த அந்தச் சிறு பங்கையும் பறித்தவள் நானல்லவா?

அன்றே முடிவெடுத்தேன், இனி என் வாய் ஓயாது என்று. இன்று அவளுக்கு ஐந்து வயது. காதில் மிஷின் இருக்கிறது. வாராவாரம் பேச்சுப் பயிற்சிக்கு விழுப்புரம் போகிறோம். பஸ்ஸில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உடைத்தால்கூட, "இது மல்லாட்டை, அம்மா உடைக்கிறேன், உள்ளே ரெண்டு பருப்பு" என்று சொல்லிக்கொண்டே வருவேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும். தொண்டை கட்டினாலும் நிறுத்துவதில்லை.

"வாய் வலிக்கலியா மஞ்சு? உன்ன மாதிரி அம்மா யாருக்குக் கிடைப்பா!" என்பார் என் கணவர். மல்லாட்டை மண்டியில் எடை போடுபவர், வெள்ளை மனசுக்காரர். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் செத்துப் பிழைப்பேன்.

போன வாரம் மண்டிக்கு விடுமுறை. அவரும் உடன் வந்தார். பயிற்சி முடிந்ததும் மகளுக்கு பன் வாங்கித்தர அழைத்துப்போனார். பெஞ்சில் என்னருகே கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் இருந்தாள்.

"இதுக்குக் கேக்கலன்னு எங்க வீட்டுல யாருக்கும் சொல்லலக்கா. பேஜாராயிடும். ஒரு வயசு ஆவட்டும்னு பாக்குறேன். நீங்க எப்பக்கா கண்டுபுடிச்சீங்க?"

'இப்பதான்' என்ற பழைய பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவள் மடியில் அந்தக் குழந்தை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பொய்யை விழுங்கினேன்.

"எட்டாம் மாசமே எனக்குத் தெரியும்மா. பயந்துக்கினு மூணு வயசு வரைக்கும் மறைச்சிட்டேன். எங்க மாமாவுக்கும் காது கேக்காது, அதையும் மறைச்சேன். நீ அப்படிப் பண்ணாத. இன்னிக்கே வீட்டுல சொல்லு. இப்பவே அதுங்கூடப் பேசு!"

தலையை நிமிர்த்தினேன். பன்னும் கையுமாக என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

பஸ் ஏறினோம். திண்டிவனம் வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனாலும் மகளிடம் பேசுவதை நான் நிறுத்தவில்லை. இனி எதற்காகவும் நிறுத்த முடியாதே!

அவள் அவரைக் காட்டி, "அப்பா?" என்றாள்.

"அப்பாவுக்குக் கோபம்," என்று உதடு தெரியச் சொல்லிக்கொடுத்தேன். "அம்மா மேலே கோபம்."

"கோ...பம்," என்றாள் தெளிவாக. புதுச் சொல். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன்?" என்று கேட்டாள்.

வாரக்கணக்காகப் பயிற்சியில் வராத சொல் அது. மகிழத் தோன்றவில்லை.

இன்னும் நான் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் புரிந்துகொள்ள அவளிடம் போதுமான சொற்கள் இல்லை. மறைத்தாய், ஏமாற்றினாய், என்னோடு ஏன் பேசவில்லை... ஒருநாள் அவள் என்னைக் கேட்கவேண்டிய அந்தச் சொற்களையும் நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கொடுப்பேன்.