கல் ஈயின் இடது இறக்கை

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் கல் தேய்க்கும் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கைக்கு மட்டும் அது இறங்காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பழகிய கை. அங்கிருந்து இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. எந்நேரமும் ஈர உப்புத்தாளும் கையுமாக இருப்பதால் 'உப்புத்தாள் அக்கா' என்றே பேராகிவிட்டது.

கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மரம் கசிந்த பிசின், இறுகி அம்பர் என்கிற கல்லாகி அவர் மேசைக்கு வரும். உள்ளே ஏதாவது ஒரு பூச்சி மாட்டிக்கொண்டிருக்கும். மேலே படிந்த மங்கலைத் தேய்த்து, பூச்சி தெரிய ஒரு ஜன்னல் திறப்பதுதான் அவர் வேலை. அதற்குப் பிறகுதான் படித்தவர்களுக்கு வேலையே என்பார். அதில் பொய்யும் இல்லை.

அந்தத் தடவை வந்தது ஒரு கல் ஈ. ஓடைக் கற்களுக்கு அடியில் வளர்கிற சாதுவான பிராணி. அரிசியை விடக் கொஞ்சம் நீளம். அதன் வலது இறக்கையில் ஒரு நரம்பு நுனிக்குப் போகும்போது மூன்றாகப் பிரிந்தது. அந்தக் குடும்பத்தில் அதுவரை தெரிந்த எல்லாக் கல் ஈக்களுக்கும் இரண்டு கிளைதான். "புதுப் பேரினம்க்கா!" என்று துள்ளிக் குதித்தார், மேல்மாடியில் பூச்சிகளை ஆராயும் 'பூச்சி சார்'.

மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, தேய்க்கும்போது சூடானா உள்ள முடி மாதிரி விரிசல் விழும், இல்லையா? அந்த மூணாவது கிளை நரம்பா, விரிசலான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

வேறு நாளாக இருந்தால் அக்கா அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அன்று உப்புத்தாளைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சார், இதைத் தேய்ச்ச அன்னைக்கு, மகளுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு. அவசரத்துல கையால தேய்க்காம மெஷின் சக்கரத்துல வெச்சுட்டேன். ஒரே நிமிஷம்தான்."

சார் கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இன்னொரு இறக்கை உடம்புக்கு அந்தப் பக்கம் மறைஞ்சிருக்கு," என்றார் அக்கா. "அதைத் திறக்குறேன். அங்கேயும் மூணு கிளை இருந்தா அது ஈயோடது. இல்லேன்னா என்னோடது."

"அந்தப் பக்கம் இறக்கைக்கும் மேல்பரப்புக்கும் நடுவுல நகக்கனம்கூட இடமில்லையேக்கா. ஒரு இழுப்பு கூடிட்டா முதலுக்கே மோசம். உலகத்துலயே இது ஒண்ணுதான் கிடைச்சிருக்கு."

"எனக்குத் தெரியாதா? குடுங்க."

மூன்று நாள். பத்து இழுப்பு தேய்ப்பார், கல்லைத் தண்ணீரில் போட்டு ஆறவிடுவார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் பார்ப்பார், மறுபடி பத்து இழுப்பு. சக்கரத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. பஸ் மெக்கானிக்கான கணவர், "மூணு நாளா ஆபீஸ்ல ஈ ஓட்டிட்டு வந்து இங்க முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறியா?" என்று கேலி செய்தார். பத்தொன்பது வருடப் பேர் அந்த அரிசி நீளப் பூச்சியிடம் அடகில் இருந்தது. அக்கா பயந்தார். நன்றாகவே பயந்தார்.

மூன்றாம் நாள் மதியம் மங்கல் விலகியது. இடது இறக்கை தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினார். மூன்றுதான்.

"சார்ர்ர்!"

அந்தக் கத்தலில் முதலில் ஓடிவந்தவர் வாசல் காவலாளி. பின்னாலேயே வந்த பூச்சி சார் நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தச் சந்தோஷத்தில் காவலாளியையும் கூப்பிட்டு அந்த ஈயைக் காட்டினார். அவரும் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார்.

புதுப் பேரினத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் சார் பேருக்கு அடுத்து அக்கா பேரும் ஏறியது. "தேய்ச்சதுக்கா சார்?" என்றதற்கு, "நிரூபிச்சதுக்கு" என்றார் அவர்.

கட்டுரையைச் சரிபார்த்த வெளியூர் நிபுணர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: மூன்றாவது கிளை, தேய்த்த சூட்டில் விழுந்த விரிசலாக இருக்கலாமா? இரண்டு இறக்கைகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார் சார். அக்கா பின்னால் நின்று படித்தார்.

"சக்கரத்துல வெச்சதையும் எழுதிடுங்க சார்."

"எதுக்குக்கா? படமே போதும். அது யாருக்கும் தெரியப் போறதில்ல."

"மேல என் பேர் இருக்குல்ல? அப்போ எழுதுங்க. ஒரு நிமிஷம்னு சரியாப் போடுங்க. ரெண்டுன்னு போட்டுடாதீங்க."