திருப்பி அனுப்ப முடியாத உறை

மாதாமாதம் ஊர்க் கோயிலிலிருந்து எங்களுக்குத் தபாலில் பிரசாதம் வரும். பழுப்பு உறை, உள்ளே திருநீறு ஒரு பொட்டலம், குங்குமம் ஒரு பொட்டலம். ரிட்டையராகி, டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் அது தவறியதில்லை. அதனால் போன மார்கழியில் பழுப்பு உறை வந்ததும், பெயரைப் பார்க்காமல், கை கால் கழுவிக்கொண்டு சுவாமி படத்துக்கு முன்னால் நின்று பிரித்துவிட்டேன்.

உள்ளே படப் புத்தகம். முப்பத்திரண்டு பக்கம். ஒரு பக்கத்திலும் யாருக்கும் உடுப்பில்லை. உறையைத் திருப்பினேன். எங்களுக்கு முன்பு இங்கே குடியிருந்த தமிழ்ப் பையனின் பெயர். மனைவியைக் கூப்பிட்டு, முப்பத்திரண்டு பக்கமும் இப்படித்தான் என்றேன்.

"எண்ணி வேற பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

பிறர் தபால் வந்தால் 'குடிமாறிவிட்டார்' என்று எழுதித் தபால்காரரிடம் கொடுத்துவிடுவேன். இதைப் பிரித்தவன் நான். மறுபடி ஒட்டிக் கொடுத்தால் அனுப்பியவனும் நான்தானே? ஆபாசமான பொருளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று பழைய தபால் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. இப்போது புதுச் சட்டம். அந்த வரி எங்கே போனதென்று எனக்குப் பிடிபடவில்லை. போனாலும், குற்றவியல் சட்டம் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் பென்ஷன் நிற்குமா என்ற யோசனையில் காபி ஆறிப்போனது.

பழைய பேப்பர்காரனிடம் போட முடியாது. அவன் எடை போடுமுன் ஒவ்வொன்றாகப் புரட்டுவான். எந்த வீட்டுச் சரக்கு என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். எரிக்கலாமென்றால் டெல்லிக் குளிர்காலம். புகை கிளம்பினால் காற்று மாசு என்று அபராதம்.

"இதெல்லாம் இப்ப போன்லயே வருதாமே. தபால்ல வரவழைச்சிருக்கான் பாருங்க, உங்களை மாதிரியே ஒரு ஆளு" என்று சொல்லிவிட்டு அவள் குக்கரைப் பார்க்கப் போனாள்.

வீட்டுக்காரரிடம் எண் வாங்கிப் பையனைக் கூப்பிட்டேன். உங்களுக்கு ஓர் உறை வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவன் நொய்டாவில் இருக்கிறானாம்.

"தபால்லயே திருப்பிப் போட்டுடுங்க சார்."

"அது தபால்ல போடுற சாமான் இல்ல தம்பி."

அங்கே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பிரிச்சுட்டீங்களா சார்?"

பிரித்ததை ஒப்புக்கொண்டேன். அடுத்தவர் தபாலைப் பிரித்ததும் தப்புதான் என்றேன்.

"அச்சா... கிழிச்சுப் போட்டுடுங்க சார். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

உரியவனே சொல்லிவிட்டான். கண்ணால் மனைவிக்குச் சைகை காட்டினேன். கிழித்த துண்டிலும் படம் தெரியுமே என்று அவள் புத்தகத்தை வாளித் தண்ணீரில் அமுக்கினாள். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"தம்பி, இது ஒண்ணுதானா? இல்ல வருஷ சந்தாவா? மொத்தம் எத்தனை வரும்?"

அவன் போனை வைத்துவிட்டிருந்தான்.