வயிற்றில் எடுத்த அச்சு

எனக்குப் பயம் வந்தால் கோபம்தான் முதலில் வெளியே வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஏவன்டேல் சந்தையில் வாங்கிய கீரை முற்றல் என்று கணவரிடம், ஹீட்டரை ஏன் நிறுத்தினீர்கள் என்று அம்மாவிடம்.

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வயிற்றை அச்செடுத்து வைக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். பிளாஸ்டர் துணியை நனைத்து வயிற்றின் மேல் துண்டு துண்டாக ஒட்டி, இறுகியதும் ஓடு மாதிரிக் கழற்றி எடுப்பது. நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் பல பெண்கள் நினைவுக்கென்று செய்து சுவரில் மாட்டி வைக்கிறார்கள். மனுகாவில் ஒரு கடையில் சாமான்களை வாங்கி வந்தோம்.

"கை ஒடைஞ்சா போடுற மாவுக்கட்டுதானே இது. இதுக்கா இவ்வளவு அலைஞ்சோம்?" என்றார் கணவர். மதுரைக்காரர். எதையும் பகிடியாக்கிவிடுவார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தவர். பிறக்கும்வரை பிள்ளைக்கென்று ஒரு சட்டைகூட வாங்க விடவில்லை. வயிற்றோடு படம் எடுத்தாலே கண்ணூறு என்பார். அச்சு என்றதும் முகம் கறுத்துவிட்டது.

"பிறக்காத பிள்ளைக்குக் கூடு செய்யிறதோ? நான் பாக்க மாட்டன்," என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உண்மையான காரணத்தை நான் இருவருக்கும் சொல்லவில்லை. முந்தின வருடம் ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. அம்மா தொலைபேசியில் சொன்னபடியே அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை, படம் எடுக்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. போன பிறகு பார்த்தால், அப்படி ஒரு பிள்ளை இருந்தது என்பதற்கு வீட்டில் ஒரு பொருளும் இல்லை. இதுவும் போய்விட்டால் எனக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும். அதற்குத்தான் இந்த அச்சு. வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடுமோ என்று பயந்து, நினைவுப்பொருள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கணவர் வரவேற்பறையில் பழைய துவாய்களை விரித்தார். வயிறு முழுவதும் வாஸ்லீனைத் தாராளமாகப் பூசினார். துணியைத் தண்ணீரில் நனைத்து மேலிருந்து கீழே ஒட்டிக்கொண்டு வந்தார். முதலில் ஈரமாகக் குளிர்ந்தது. பிறகு இறுக இறுகச் சூடேறியது. அந்தச் சூடு வரும் என்று படித்திருந்தேன். படித்தது ஒன்றும் அந்த நேரத்தில் உதவவில்லை. உள்ளே இருக்கும் பிள்ளைக்குச் சுடுமோ என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போதெல்லாம் பிள்ளை ஒரு உதை உதைக்கும். ரயில் வந்தது. வீடு அதிர்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"பிள்ளை அசையேல்லை," என்றேன்.

"தூங்குதாயிருக்கும்."

அடுத்த ரயிலும் போனது. பிளாஸ்டருக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். சுவரைத் தொடுவது போல இருந்தது. கைக்கும் பிள்ளைக்கும் நடுவே நானே ஒரு சுவரைக் கட்டிக்கொண்டேன்.

"கழட்டுங்கோ. இப்பவே கழட்டுங்கோ."

மேற்பக்கம் இலகுவாக வந்துவிட்டது. கீழ்ப்பக்கம் வரவில்லை. அவர் இழுக்க இழுக்க என் அரையில் ஏதோ அறுத்தது. குனிந்து பார்த்தவர் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்சச் சிரிப்பும் போய்விட்டது.

"நூலு. உள்ள ஒட்டிக்கிச்சு."

அம்மா வந்த அன்றே என் அரையில் கட்டிய மஞ்சள் நூல். ஊர்க் கோயிலில் மந்திரித்தது. பிள்ளை பிறக்கும்வரை அறக்கூடாது. வயிறு மறைத்ததால் எனக்கு அது கண்ணில் பட்டே கனகாலம். அவரும் மறந்துபோய் அதன் மேலேயே ஒட்டியிருந்தார். அவர் கத்தரிக்கோலைத் தேடி எடுத்துவர, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மந்திரம், நூல் ஒன்றிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வெட்ட விடவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். நூலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"அத்தை, குழந்தை அசையலங்கிறா," என்றார் கணவர்.

"கத்தரிக்கோலைத் தாங்கோ தம்பி."

நூலுக்கும் என் தோலுக்கும் நடுவே தன் விரலை நுழைத்துக்கொண்டார். "வெட்டுறது நான்தான்," என்றார், எங்களுக்கு அல்ல, வேறு யாருக்கோ சொல்வது போல. "ஏதும் வாறதெண்டால் எனக்கு வரட்டும்."

என் பிள்ளைப்பேற்றைக் கவனிக்கும் மிட்வைஃபுக்குப் போன் செய்தோம். உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். வழியெல்லாம் வயிற்றில் கையை வைத்தபடி, பிள்ளையைக் கெஞ்சியும் திட்டியும் பார்த்தேன். கட்டிலில் படுக்கவைத்துப் பட்டியைக் கட்டி, இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை அங்கும் இங்கும் நகர்த்தினார்கள். அது நகர்ந்துகொண்டே இருந்தது. நான் அம்மாவின் கையை நெரித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். பிறகு சத்தம் கேட்டது. வேகமாக, ஒழுங்காக, நிற்காமல். சிறிது நேரத்தில் பிள்ளை, என்ன தொந்தரவு என்று கேட்பது போல, பட்டியையே உதைத்தது. நான் விக்கி விக்கி அழுதேன். அம்மா அழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அச்சு துவாயின் மேல் மல்லாந்து கிடந்தது. அறுந்த நூலின் இரண்டு நுனியும் விளிம்பில் தொங்கின. அம்மா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வெறுங்கூடாய் வைக்கப்படாது," என்று எழுந்து போய், தன் சூட்கேசின் அடியிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். தன் பழைய பருத்திச் சேலையைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்த பிள்ளைத் துணிகள். ஒவ்வொன்றாக அந்தக் குழிக்குள் அடுக்கினார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பிறக்க முன்னம் ஒண்டும் சேர்க்கக் கூடாதெண்டது நீங்கள்தானே?"

"இது இந்தப் பிள்ளைக்கு வெட்டினதில்லை," என்றார் அம்மா. "போன முறை பிள்ளை உண்டாகியிருக்கெண்டு நீ போனிலை சொன்ன அண்டைக்கே வெட்டினது. எறிய மனம் வரேல்லை."

நான் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மகள் பிறந்ததும் அவளை முதலில் சுற்றியது அந்தத் துணியில்தான்.