நற்கருணை வரிசையில் யூலா

லூசியானாவின் ஓடைக்கரையில் இறால் கொட்டகை நடத்தும் யூலா வெர்டின் மாவட்ட மன்றத்துக்கு மூன்று முறை ஜெயித்தவள். புயலுக்கே அசராதவள் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, எதையும் சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில், சாமி கையால் அப்பம் வாங்கும் நற்கருணை வரிசையில் நின்றபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் வாக்கெடுப்பு. கழிவை ஓடையில் விட ரசாயன ஆலை அனுமதி கேட்டிருந்தது. மற்ற உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்க, யூலா கையில்தான் முடிவு. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு அவள் வீட்டுக்குச் சாப்பிட வரும் மகன் நோலனுக்கு அந்த ஆலையில்தான் வேலை. அதனால் சரியென்று ஆலைக்காரர்களிடம் தலையாட்டிவிட்டாள். மறையுரையிலோ பங்குக் குரு லெபான் சாமி, "தெரிஞ்சே தண்ணியில விஷத்தக் கலக்குறது சாவான பாவம், அதோட நற்கருணை வாங்கக் கூடாது" என்றார். அவளைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்னவோ, அவளுக்கு அப்படித்தான் பட்டது.

பதவியில் இருக்கிற சிலருக்கு நற்கருணை மறுக்கப்பட்ட செய்தியை அவள் டிவியில் பார்த்திருக்கிறாள். ஊர் முன்னால் சாமி கையை இழுத்துக்கொண்டால் அப்புறம் எந்த முகத்தோடு நடமாடுவது? முறை வந்ததும் பயத்தில் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டாள். வாங்கத் தகுதியில்லை, ஆசீர் மட்டும் போதும் என்பவர்கள் அப்படித்தான் வருவார்கள். சாமி திகைத்துப்போய் நெற்றியில் சிலுவை வரைந்தார். கோயில் மொத்தமும் பார்த்தது.

வாசலில் படகுக்காரன் அல்சீட் மடக்கினான்.

"நாளைக்கு எதுக்கு யூலாக்கா கூட்டம்? ஆலைக்குத்தான் ஓட்டுன்னு இன்னைக்கே கையக் கட்டிக் காட்டிட்டீங்களே. என் வலைய வித்துடட்டுமா?"

யூலா நேரே சாமியைத் தேடிப் போனாள்.

"நான் கைய நீட்டியிருந்தா குடுத்திருப்பீங்களா சாமி?"

"குடுத்திருப்பேன்மா. கருக்கலைப்புக்கு ஓட்டுப் போட்டவங்களுக்குத்தான் ஆயர் தடை போட்டிருக்காரு. தண்ணியப் பத்தி ஒண்ணும் சொல்லல." சாமி தரையைப் பார்த்தார். "நானும் அவர்ட்ட கேக்கல. எனக்கும் பயம்தான்."

யூலாவுக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. அவளைத் தடுக்க மேலே ஒருவரும் இல்லை. பழி போடவும் ஆள் இல்லை. அவளுக்கு மறுத்தவள் அவளேதான்.

மறுநாள் மன்றத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் நோலன் ஆலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். "வேண்டாம்" என்றாள். குரல் எழும்பவில்லை. எழுத்தர் மறுபடி கேட்டார்.

"வேண்டாம்னு போடுங்க."

நோலன் எழுந்து அவள் மேசைவரை வந்தான்.

"இனிமே ஞாயித்துக்கிழம எங்களுக்குத் தட்டு வைக்காதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.