மாத்திரைத் தகடு ஒட்டிய டிஸ்கெட்

காயத்துக்குப் போடும் வெள்ளைப் பிளாஸ்திரியைச் சிறு துண்டுகளாக வெட்டி, கணினித் தகவலைச் சேமிக்கும் டிஸ்கெட்டின் ஓரத்திலிருந்த சதுர வெட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தாள் பிரிஜட். அந்த வெட்டை மூடிவிட்டால் கணினி டிஸ்கெட்டைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. வைரஸும் அதில் ஏறாது.

அது 1989. சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளும் நானும் தாதிகள். யாரோ தானமாகக் கொடுத்த பழைய கணினி அங்கே இருந்தது. பிரிஜட் ஒரு கணினிச் சங்கத்தில் இலவசமாகக் கிடைத்த, வைரஸைக் கண்டுபிடிக்கும் சோதனை நிரலை வாங்கிவந்து, தானே கற்று, சனிக்கிழமை மதியம் எங்களுக்குச் சும்மாவே வகுப்பு எடுத்தாள். வெளியிலிருந்து வரும் டிஸ்கெட்டைப் புது நோயாளியாக நினைக்கச் சொன்னாள். முதலில் சோதனை, அப்புறம்தான் வார்டு.

ஏற்கெனவே ஒருமுறை வைரஸ் புகுந்து கணினியைக் கெடுத்திருந்தது. டிஸ்கெட்டைக் காப்பாற்ற முடியும் என்று இன்று காட்டாவிட்டால் கணினி அறைக்குப் பூட்டு, வகுப்பும் கிடையாது என்று மேலாளர் அற்புதராஜ் சொல்லிவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

பிரிஜட் வைரஸ் பிடித்த டிஸ்கெட்டைப் போட்டுக் கணினியை இயக்கினாள். பிறகு பிளாஸ்திரி ஒட்டியதைச் செருகினாள். எடுத்துச் சோதித்தால், அதிலும் வைரஸ்!

"சிஸ்டர், பிளாஸ்டர் புண்ணுக்குத்தான் லா," என்று சிரித்தார் அற்புதராஜ்.

"கொஞ்சம் பொறுங்க சார்."

"எதுக்கு, ஆபரேஷனா?"

"நோயாளி இன்னும் சாகல சார்," என்றாள் பின்வரிசையிலிருந்த கமலா.

பிரிஜட் டிஸ்கெட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். "ஐயோ, வெளிச்சம் உள்ள போகுது! இந்த மெஷின் வெளிச்சம் வருதான்னுதான் பார்க்குது, வந்தா எழுதிடுது!"

மருந்துத் தள்ளுவண்டிக்கு ஓடினாள். காலி மாத்திரை அட்டையின் வெள்ளித் தகட்டை உரித்து, வேறொரு டிஸ்கெட்டின் வெட்டின் மேல் வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். வைரஸ் இருந்த கணினியில் அதைச் செருகி, எழுதும்படி கட்டளை தட்டினாள். கணினி உறுமியது. எழுத முடியாது, பிழை என்று திரையில் வந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் பகல் தூக்கத்திலிருந்த தாத்தாக்கள் எழுந்துவிட்டார்கள்.

"எரர்னு வருது, எதுக்குக் கைதட்டுறீங்க?" என்றார் அற்புதராஜ்.

"அந்த எரர்தான் சார் வேணும்!" என்றாள் பிரிஜட்.

சோதித்துப் பார்த்தோம். டிஸ்கெட் சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலை மருந்து கொடுத்து முடித்ததும், கமலா காலி அட்டைகளைக் குப்பையில் போடாமல் தகடு உரித்தாள். அற்புதராஜ் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்தார். கணினி அறையைத் திறந்துவிட்டு, தன் வீட்டு டிஸ்கெட்டுகளை மேசைமேல் வைத்தார்.

"புது நோயாளியா சார்? உட்காருங்க," என்று சொல்லி, பிரிஜட் முதல் டிஸ்கெட்டைச் சோதனைக்குப் போட்டாள்.